நாலு இருபது பஸ்ஸும் நேரம் திருப்பித் தரும் திட்டமும்

ஓர் ஆசிரியர் பள்ளிக்கு வராவிட்டால் அவர் இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த இன்னொருவர் நான். பெயர் ஜியென். தைவானின் மேற்குக் கரையில், பூண்டு வயல்களுக்கு நடுவே, நூற்றுப் பதினேழு பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி ஒன்றில் பதிலாசிரியர்.

என் தகுதியைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டாம். முறைப்படி அறிவிப்பு ஒட்டித்தான் என்னை எடுத்தார்கள். முதல் அறிவிப்பில் ஆசிரியர் சான்றிதழ் உள்ளவர்கள் தேவை என்றார்கள். ஒருவரும் வரவில்லை. இரண்டாவதில் பயிற்சி முடித்தவர்களே போதும் என்றார்கள். அதற்கும் ஆளில்லை. மூன்றாவதில், ஏதோ ஒரு பட்டம் இருந்தால் சரி என்று இறங்கி வந்தார்கள். நான் பதினாலாவது அறிவிப்புக்குப் போனவன். படித்தது மீன் வளர்ப்பு. நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "நாளைக்கே வந்துடுவீங்கல்ல?"

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டாம் வகுப்பு ஷீ டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்தார். பயிற்சியின் பெயர், 'கற்பித்தல் நேரத்தைக் கற்பித்தலுக்கே திருப்பியளிக்கும் திட்டம்'. ஆசிரியர்களைப் பயிற்சிக்கும் படிவத்துக்கும் இழுத்தடிக்காமல் நிம்மதியாகப் பாடம் நடத்த விட வேண்டும் என்பது அதன் சாரம். இந்தச் சாரத்தை விளக்குவதற்காக மாவட்டம் முழுவதும் நூற்று அறுபது ஆசிரியர்களை வகுப்பிலிருந்து கிளப்பிக் கொண்டுபோய் ஓர் அரங்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆசிரியர்கள் வகுப்பில் இருந்துவிட்டால் என் பிழைப்பு என்ன ஆவது?

காலையில் வாசலிலேயே ஒரு ஸ்கூட்டர் என் காலருகே வந்து நின்றது. ஓட்டி வந்தவள் ஹோங். வியட்நாமிலிருந்து கல்யாணமாகி வந்தவள், பூண்டு உரிக்கும் கொட்டகையில் வேலை. பின்னால் அவள் மகள், இரண்டாம் வகுப்பு யா-லான், ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம். போன வாரத்துலேருந்து செவ்வாய்க்கிழமை எனக்குச் சாயங்கால ஷிப்ட். இவ பஸ்லதான் வந்தாகணும்."

"வரட்டுமே."

"என்ன சார் வரட்டுமே! நாலு அஞ்சுக்கு ஒரு வண்டி, நாலு இருபதுக்கு ஒரு வண்டி. ரெண்டும் பச்சை, ரெண்டுக்கும் ஒரே நம்பர். முதல் வண்டி சுத்திக்கிட்டுத் துறைமுகம் போயிடும். ரெண்டாவதுதான் எங்க கொட்டகைக்கு. போன வாரம் இவ முதல் வண்டியில ஏறிட்டா. ஆறு மணிக்குத் துறைமுகப் போலீஸ்ல உக்காந்து மீன் உருண்டை சூப் குடிச்சிட்டிருக்கா. நான் செத்துப் பிழைச்சேன்."

"வண்டி முன்னாடி ஊர் பேர் எரியுமே?"

"அது எரிஞ்சு மூணு மாசம் ஆச்சு. நாலு நாப்பதுக்கு எனக்குப் பத்து நிமிஷம் ஓய்வு சார். கொட்டகை ஸ்டாப்புக்கு ஓடிவந்து இவளைக் கூட்டிட்டுப் போயிடுவேன். அந்தப் பத்து நிமிஷத்தை விட்டா மேஸ்திரி வெளிய விடமாட்டான். இவளுக்கு மணி பாக்க மட்டும் கத்துக் குடுத்திடுங்க. வீட்ல நானும் சொல்லிப் பாத்துட்டேன், ரெண்டு முள்ளும் ஒண்ணாத்தான் இருக்குங்கறா."

"பெரிசு சின்னதுன்னு ஒண்ணும் தெரியல சார்," என்றாள் யா-லான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"அவ்வளவுதானேம்மா? இன்னைக்கு நடத்த வேண்டிய பாடமே கடிகாரம்தான். சாயங்காலத்துக்குள்ள இவ மணி சொல்லுவா, நீங்க தைரியமா போங்க," என்றேன். அப்போது காலை ஏழரை. எனக்கு எட்டு மணி நேரம் இருந்தது. ஒரு குழந்தைக்குக் கடிகாரம் கற்றுத்தர எட்டு மணி நேரம் போதாதா என்று நீங்களும் நினைப்பீர்கள்.

உள்ளே போனதும் கே மேடம் பிடித்துக்கொண்டார். பாடம், பரீட்சை, அறிக்கை எல்லாம் அவர் பொறுப்பு. கையில் எப்போதும் நாலு கோப்பு இருக்கும். அன்று ஏழு.

"ஜியென் சார், பத்தரைக்கு மாவட்டத்துலேருந்து ஆய்வுக் குழு வருது. நேரத்தைத் திருப்பிக் குடுத்துட்டோமான்னு பாக்கறதுக்கு. அதுக்குள்ள சில படம் பாக்கி இருக்கு. உங்க வகுப்புப் பிள்ளைங்கதான் உயரம் கம்மி, ஃப்ரேமுக்குள்ள அடங்கும்."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பள்ளிகளில் ஒரு காரியம் நடந்தது என்பதற்கு, அது நடந்தது சான்றாகாது. படம்தான் சான்று. ஒரு காரியத்துக்கு ஆறு படம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி விளக்கம், பின்னால் சிவப்புப் பதாகை, முன்னால் உயர்த்திய கட்டைவிரல். நடந்து படம் இல்லாத காரியம் நடக்காதது. படம் இருந்து நடக்காத காரியம் சிறப்பாக நடந்தது.

முதல் பீரியட். கரும்பலகையில் வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்ணும் எழுதி, "இந்தக் குள்ளமான முள்ளு இருக்கே..." என்று ஆரம்பித்தேன். ஒலிபெருக்கி அலறியது.

"இரண்டாம் வகுப்பு கவனத்துக்கு! நிலநடுக்கம்!"

பிள்ளைகள் பாய்ந்து மேசைக்கடியில் புகுந்தார்கள். நானும் புகுந்தேன். கே மேடம் காமெராவோடு வந்து நின்றார்.

"பயப்படாதீங்க, நிஜம் இல்ல. போன மாசப் பயிற்சிதான். அந்தப் படத்துல ஒரு பையன் மூக்கு நோண்டிட்டு இருக்கான். இன்னொரு தடவை நடுங்கினா போதும். சார், நீங்க ஏன் உள்ள இருக்கீங்க? வெளிய வந்து வழிகாட்டற மாதிரி நில்லுங்க."

வழிகாட்டினேன். நாலு தடவை நடுங்கினோம். மூக்கு நோண்டியவன் இந்த முறை கொட்டாவி விட்டான், அதனால் ஐந்தாவது தடவையும் நடுங்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் பீரியட் கண் பாதுகாப்பு. பிள்ளைகள் வெளியில் நின்று தூரத்தைப் பார்க்க வேண்டும். கொடிக்கம்பத்தடியில் வரிசையாக நிறுத்தினார்கள்.

"சார், எதைப் பாக்கணும்?" என்றான் ஒருவன்.

"தூரத்தைப் பாருப்பா."

"தூரத்துல பூண்டுதான் இருக்கு."

"அதையே பாரு."

பக்கவாட்டில், பள்ளி மாடியின் நெற்றியில், பழைய மாணவர் சங்கம் வாங்கிக் கொடுத்த பெரிய கடிகாரம் இருந்தது. 'பார்த்தியா யா-லான், அந்தக் குள்ள முள்ளு...' என்று நான் அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பியபோது கே மேடம், "சார், தலை திரும்புது! தூரம் இந்தப் பக்கம்!" என்று கத்தினார். தலையைப் பூண்டின் பக்கம் திருப்பி வைத்தேன்.

பத்தரைக்கு ஆய்வுக் குழு வந்தது. தலைவர் இன்ஸ்பெக்டர் லியாவ், உடன் இரண்டு பேர், மூவருக்கும் மார்பில் பூ. எங்கள் தலைமையாசிரியர் பெங் வாசலிலிருந்தே குனிந்துகொண்டே வந்தார்.

"நிர்வாக வேலை எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முப்பத்திரண்டு படிவம் ஒழிச்சிருக்கோம் ஐயா."

"சான்று?"

"ஒழிச்ச ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு ஒழிப்புப் படிவம் பூர்த்தி பண்ணி, மூணு நகல் இணைச்சிருக்கோம்."

இன்ஸ்பெக்டர் மகிழ்ந்து தலையாட்டினார். "இப்ப அந்த நேரத்துல என்ன நடத்தறீங்கன்னு பாப்போம்."

அதற்குத்தான் என் கடிகாரப் பாடம். கே மேடம் முந்தின நாளே இதற்கான அறிக்கையை எழுதி முடித்து, 'மாணவி டிங் யா-லான் 4 மணி 20 நிமிடத்தைச் சரியாகக் காட்டுகிறார்' என்று படத்துக்குக் கீழே போட வேண்டிய வரியையும் தட்டி வைத்திருந்தார். பாடத்திட்டத்தில் நாலு இருபது என்று இருந்தது. அது யா-லானின் பஸ் நேரமாகவும் அமைந்தது என் அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன்.

"ஏன் மேடம் யா-லான்?"

"அவ அம்மா வெளிநாட்டுக்காரங்க. அறிக்கையில 'புதிய குடியேறிகளின் பிள்ளைகள்'ங்கற கட்டமும் நிரம்பும், 'கணித ஆர்வம்'ங்கற கட்டமும் நிரம்பும். ஒரே படத்துல ரெண்டு."

பின்னால் எட்டு மீட்டர் சிவப்புப் பதாகை: 'நேரத்தைத் திருப்பியளித்தோம்!' அதைப் பிடிக்க ஆறாம் வகுப்பிலிருந்து எட்டுப் பேரைப் பாடத்தின் நடுவில் கூட்டி வந்திருந்தார்கள். யா-லான் கையில் ஓர் அட்டைக் கடிகாரம். நான் மண்டியிட்டு முட்களை நாலு இருபதில் வைத்தேன். கே மேடம் காமெராவில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு முள்ளும் ஒரே பக்கமா சாஞ்சு கெடக்கே. சோகமா இருக்கு." வந்து முட்களைத் தூக்கிப் பத்து பத்தில் வைத்தார். "கடிகாரக் கடையில எல்லாம் இப்படித்தான் வெப்பாங்க. சிரிக்கற மாதிரி இருக்கும்."

"மேடம், நாலு இருபது..."

"அதை அப்புறமா நடத்திக்கலாம் சார். பூ வாடுது."

படம் எடுக்கப்பட்டது. இன்ஸ்பெக்டர் குனிந்து யா-லானின் கன்னத்தைத் தட்டினார். "பாப்பா, இப்ப மணி என்ன?"

அவள் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"போட்டோ எடுக்கற நேரம்," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில், 'மாணவர்கள் திட்டத்தின் நோக்கத்தை ஆழமாக உணர்ந்துள்ளனர்' என்று எழுதினார். மொத்தப் பாடமும் நாலு நிமிடம். அதில் பதாகையை நிமிர்த்த மூன்று நிமிடம் போயிற்று.

மதியம் சாப்பாடு முடிந்ததும் பல் தேய்க்கும் படம். பிறகு வந்தது மாணவர் கருத்துக் கேட்புப் படிவம், இருபத்தெட்டு கேள்வி. அன்றே நிரப்பி இன்ஸ்பெக்டர் காரில் ஏற்றிவிட வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு அதிலிருந்த சீன எழுத்துகளில் பாதி தெரியாது, ஆகவே நான் ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் சொன்னேன்.

"பதினேழாவது கேள்வி. 'உன் ஆசிரியர் பாடம் நடத்தும் நேரம் அதிகரித்துள்ளதா?' ரொம்ப அதிகம், அதிகம், சுமார்."

"சார், இன்னைக்குப் பாடம் எப்ப நடக்கும்?"

"இதை எழுதி முடிச்சதும்."

"அப்ப எதுல டிக் போட?"

"ரொம்ப அதிகம்ல போடு."

இருபத்தெட்டாவது கேள்வி முடியும்போது மணி அடித்துவிட்டது. நாலு மணி. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யா-லான் மட்டும் என் மேசையருகே வந்து நின்றாள்.

"சார், அம்மாகிட்ட சொன்னீங்களே?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இதை மறைக்க விரும்பவில்லை. இந்த வேலைக்கு வந்த ஏழு வருடத்தில் எனக்கு அப்படி வெட்கமாக இருந்தது அதுதான் முதல் தடவை.

கையைப் பிடித்து பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப் போனேன். வாசலுக்கு எதிரேயே ஸ்டாப். அங்கிருந்து பார்த்தால் மாடிக் கடிகாரம் பளிச்சென்று தெரியும். பெஞ்சில் யாரும் இல்லை. பதாகை இல்லை. கே மேடம் இல்லை. முதல் வண்டி வர மூன்று நிமிடம் இருந்தது.

"அங்க பாரு. ஒருத்தன் குள்ளம், ஒருத்தன் நெட்டை. தெரியுதா?"

"தெரியுது."

"குள்ளன் சோம்பேறி. ஒரு நம்பர்லேருந்து அடுத்த நம்பருக்குப் போக அவனுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இப்ப எதுகிட்ட இருக்கான்?"

"நாலு."

"அப்ப மணி நாலு. நெட்டையன் ஓட்டக்காரன். ஒவ்வொரு நம்பருக்கும் அஞ்சு அஞ்சா எண்ணணும். ஒண்ணுல இருந்தா?"

"அஞ்சு."

"ரெண்டுல?"

"பத்து." உதடு அசைய எண்ணிக்கொண்டே போனவள் நாலில் நின்றாள். "இருபது! சார், அப்ப நெட்டையன் நாலுக்கு வந்தா என் பஸ்ஸா?"

சொல்லி வாய் மூடவில்லை, பச்சை வண்டி வந்து புஸ்ஸென்று கதவைத் திறந்தது. யா-லான் எழுந்தாள். ஒரு கால் படியருகே போயிற்று. அவள் திரும்பி மாடியைப் பார்த்தாள்.

"நெட்டையன் ஒண்ணுலதான் இருக்கான்," என்றாள். வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓட்டுநரிடம், "மாமா, நீங்க போங்க, இது என் வண்டி இல்ல," என்று கையசைத்தாள்.

வண்டி துறைமுகத்துக்குப் போயிற்று. மிச்ச நேரம் முழுக்க ஒவ்வொரு நிமிடத்தையும் அவளே சொன்னாள், எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நாலு இருபதுக்கு அடுத்த வண்டி வந்தது, ஏறினாள், ஜன்னலிலிருந்து கையாட்டினாள். நான் ரோட்டில் நின்று கைதட்டினேன். பூண்டு லாரிக்காரன் ஒருவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். படம் எடுக்கத் தோன்றவேயில்லை. அது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு வாரம் கழித்து எங்கள் பள்ளிக்கு 'மிகச் சிறப்பு' என்று தரம் வந்தது. யா-லானின் படத்தை ஆளுயரப் பதாகையாக அச்சடித்து வாசலில் மாட்டினார்கள். காலையில் அதன் கீழே யா-லான் கழுத்தை வளைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"சார், இது பத்து பத்து."

"எது?"

"நான் பிடிச்சிட்டிருக்கறது. குள்ளன் பத்துகிட்ட, நெட்டையன் ரெண்டுல. கீழ நாலு இருபதுன்னு போட்டிருக்காங்க. தப்பு."

பார்த்தேன். தப்புதான். கே மேடம், தலைமையாசிரியர், பூ வைத்த மூன்று பெரியவர்கள், தரம் கொடுத்த மாவட்ட அலுவலகம், ஒருவர் கண்ணிலும் படாதது. முட்களை மாற்றியபோது அங்கேயே மண்டியிட்டுத் தடுக்கப் பார்த்த நான்கூடப் பதாகையில் அதைக் கவனிக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய், "பாருங்க சார், நம்ம பொண்ணு கண்டுபிடிச்சிட்டா!" என்றேன்.

தலைமையாசிரியர் பெங் முகம் வெளுத்தது. கே மேடம் அழைக்கப்பட்டார். கதவு சாத்தப்பட்டது.

"கீழ இருக்கற வரியை மாத்திடலாமே?" என்றேன்.

"அறிக்கை தலைநகருக்குப் போயாச்சு. இப்ப மாத்தினா பொய் அறிக்கை குடுத்தோம்னு ஆகும்," என்றார் தலைமையாசிரியர்.

"அப்ப மேடம்தான் முள்ளை மாத்தினாங்கன்னு..."

"கற்பித்தல் கருவியை மாற்றியமைக்க அலுவலருக்கு அதிகாரம் உண்டு," என்றார் கே மேடம். "விதி அப்படித்தான் இருக்கு."

தலைமையாசிரியர் கண்ணை மூடி யோசித்தார். வரி தவறில்லை, ஏனென்றால் அது ஒப்புதல் பெற்றது. கடிகாரம் தவறில்லை, ஏனென்றால் அது அதிகாரத்தோடு வைக்கப்பட்டது. அப்படியானால் தவறுவதற்கு மிச்சமிருப்பது யார்?

"நாலு இருபது காட்டச் சொன்னோம். பிள்ளை பத்து பத்து காட்டியிருக்கு," என்றார் கண்ணைத் திறந்து. "அதுக்குக் கடிகாரம் புரியல. பின்தங்கிய மாணவி."

"சார்! தப்பைக் கண்டுபிடிச்சதே அவதான்! பஸ் ஸ்டாப்புல நான் கத்துக் குடுத்தேன், அவளே மணி பார்த்துத்தான் ஏறினா!"

"படம் இருக்கா?" என்றார் கே மேடம்.

"...இல்ல."

"இப்ப பதாகையைப் படிச்சாளே, அதுக்கு?"

அதற்கும் இல்லை.

"இதையே நல்லதா மாத்திக்கலாம்," என்றார் கே மேடம், முகம் மலர்ந்து. "பின்தங்கியோர் சிறப்பு வகுப்புன்னு ஒரு திட்டம் இருக்கு. நம்ம பள்ளியில ஆளே இல்லாம கட்டம் காலியா கெடக்கு. பன்னிரண்டு வாரம், செவ்வாய்க்கிழமை, நாலு மணியிலேருந்து நாலு நாப்பது வரைக்கும். முதல் வாரம் தெரியாத மாதிரி ஒரு படம், கடைசி வாரம் தெரிஞ்ச மாதிரி ஒரு படம். தப்பு ஆச்சு, திருத்திட்டோம்னு அதுக்கும் ஒரு அறிக்கை போகும்."

"அவ பஸ் நாலு இருபதுக்கு!"

"அடுத்த வண்டி அஞ்சு நாப்பதுக்கு இருக்கே," என்றார் தலைமையாசிரியர். "நடத்தறதுக்கு ஒரு ஆள் வேணும். ஜியென் சார், உங்க ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட முடியுதுல்ல? சிறப்பு வகுப்புப் பொறுப்பு எடுத்துக்கறவங்களுக்கு வருஷக் கடைசி வரைக்கும் நீட்டிக்கலாம்னு விதி இருக்கு."

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் என் பெயர் முத்திரை சட்டைப் பையில்தான் இருந்தது. வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அரை நிமிடம்கூட ஆகவில்லை. குத்தினேன்.

பெற்றோருக்கான கடிதத்தை ஹோங்கிடம் நானே கொடுத்தேன். அவள் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு வண்டியை விட்டு இறங்கி, என் எதிரே நின்று தலை குனிந்தாள்.

"நல்லா கத்துக்கிட்டான்னு நெனைச்சேன் சார். மக்குதான் போல. நீங்களாவது விடாம பாக்கறீங்களே. பஸ்ஸு போனா போகட்டும், மேஸ்திரி கால்ல விழுந்தாவது பாத்துக்கறேன்."

பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவளுக்கு விரலால் காட்டினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சிறப்பு வகுப்பு தொடங்கியது. காலி வகுப்பறையில் நானும் யா-லானும், நடுவில் அந்த அட்டைக் கடிகாரம். சுவரில் புதிய பதாகை: 'ஒரு குழந்தையையும் பின்தங்க விடமாட்டோம்'. ஜன்னல் வழியே ஸ்டாப் தெரிந்தது. முதல் பச்சை வண்டி வந்து போயிற்று. அவள் தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது வண்டி வந்தது. புஸ்ஸென்று கதவு திறந்தது. ஏற யாரும் இல்லாததால் உடனே மூடிக்கொண்டது.

யா-லான் என் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சார், மணி நாலு இருபது."

"சரியாச் சொன்ன," என்றேன்.

முதல் வாரப் படத்துக்காகச் செல்போனை எடுத்தேன். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவள் அட்டைக் கடிகாரத்தை மார்போடு பிடித்து, முட்களை அவளாகவே பத்து பத்துக்குத் திருப்பி வைத்து, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தாள்.